200 லிட்டர் பீப்பாயும் ஐப்பசி அடைமழையும்

தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மழை பெய்தால் அதன் கூரையிலிருந்து நீர் வழிகிறது. வழிகிற இடத்தில் ஒரு பீப்பாயை வைத்துப் பிடித்தால் செடிகளுக்கு ஊற்றலாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் ஓரிரு பருவம் கடந்தபின் நம் ஊர்த் தோட்டங்களைப் போய்ப் பார்த்தால், ஐப்பசியில் நிரம்பி வழிந்த பீப்பாய் மாசியில் காலியாகக் கிடக்கும். வைகாசியில் அதற்குள் மண்வெட்டியும் பழைய குழாய்த் துண்டுகளும் இருக்கும். ஆர்வத்தோடு வாங்கியவர்கள் சோம்பேறிகள் அல்லர். வாங்கும்போது போட்ட கணக்குத்தான் நம் மழைக்குப் பொருந்தவில்லை.

தோட்டக் கட்டுமானங்களில் விழும் மழையைப் பிடிப்பது பற்றி எழுதுபவர்கள் ‘எவ்வளவு நீர் கிடைக்கும்’ என்ற கேள்வியோடு தொடங்கி அதற்கு விடை சொன்னதும் முடித்துவிடுகிறார்கள். செடிக்கு அந்த விடையால் பயனில்லை. ‘நீர் எப்போது கிடைக்கும், அப்போது செடிக்கு அது தேவையா’ என்பதே தோட்டக்காரரின் கேள்வி. கூரை, தொட்டி, நீரின் தரம், கொசு, சட்டம் என்று இப்பொருளின் எல்லாப் பக்கங்களையும் அந்தக் கேள்வியை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறவாரத்திலிருந்து கிறிஸ்டல் பேலஸ் வரை

இறவாரத்தின் கீழ் அண்டாவையும் குடத்தையும் வரிசையாக வைத்து மழைநீர் பிடிப்பது தமிழ்நாட்டு ஓட்டு வீடுகளில் பழைய வழக்கம். இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் தகரத்தை மடித்துப் பொருத்தி, அங்கிருந்து விழும் தடித்த நீர்த்தாரையைப் பாத்திரத்துக்குள் விழச் செய்வார்கள். செட்டிநாட்டு வீடுகளின் கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், முற்றத்தில் விழும் நீரைப் பிடித்துக்கொள்வது எளிதாயிருந்தது. இலங்கையில் வாழையிலையை மரத்தண்டோடு சேர்த்துக் கட்டி, தண்டு வழியாக இறங்கும் மழையைக் குடத்துக்குத் திருப்புவதும் உண்டு. அங்கே கூரைகூடத் தேவைப்படவில்லை.

தோட்டத்துக்கென்றே மழையைத் திட்டமிட்டுத் தேக்கியதற்கு அண்டையிலேயே பெரிய சான்று உண்டு. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் எழுப்பிய சிகிரியாவில் பாறைகளில் வெட்டிய தொட்டிகளும் குளங்களும் நிலத்தடிக் கால்வாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. அங்குள்ள நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் புவியீர்ப்பு ஒன்றைக் கொண்டே இயங்குகின்றன.

கூரையையே வடிகாலாக நினைத்துக் கட்டியவர் என்றால் ஜோசப் பாக்ஸ்டனைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த அவர், கண்ணாடிப் பசுமைக்குடில்களைக் கட்டிப் பழகிய கையோடு 1851இல் லண்டன் ஹைட் பார்க் பொருட்காட்சிக்காக ‘கிறிஸ்டல் பேலஸ்’ கட்டடத்தை வடிவமைத்தார். மேடு பள்ளமாக மடிந்த அதன் கண்ணாடிக் கூரையில் விழுந்த நீர் பள்ளங்களில் இருந்த வாய்க்கால்களில் ஓடி, உள்ளே குழலாக வார்க்கப்பட்ட இரும்புத் தூண்கள் வழியாகக் கீழே இறங்கியது. கூரையைத் தாங்கிய தூணே வடிகுழாயாகவும் வேலை செய்தது. இன்று பல அடுக்குப் பசுமைக்குடில்களில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே நாம் காணும் நீர்வாய்க்கால் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

எந்தக் கூரை, எவ்வளவு நீர்

அடிப்படைக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கூரையின் சரிவை அளக்க வேண்டாம். அது தரையில் மறைக்கும் பரப்பை அளந்தால் போதும். அப்படி விழுவதில் ஒரு பகுதி தெறித்தும் நனைந்தும் ஆவியாகியும் போய்விடும். தகரம், பாலிகார்பனேட், கண்ணாடி, சூரிய மின்தகடு ஆகிய வழவழப்பான பரப்புகளில் பத்தில் எட்டிலிருந்து ஒன்பது பங்குவரை பிடிக்கலாம். ஓட்டுக் கூரையில் கொஞ்சம் குறையும். கீற்றுக் கொட்டகை முதல் மழையை முழுதாகக் குடித்துவிட்டு, பிறகு தேநீர் நிறத்தில் நீரை விடும். அந்த நிறம் கீற்றில் ஊறிய சாறு. செடிக்கு அதனால் கெடுதல் இல்லை.

நம் மாடித் தோட்டங்களில் கொட்டகையைவிட அதிகம் காணப்படுவது பச்சை நிழல்வலைப் பந்தல். வலை நீரைப் பிடிக்காது, ஒழுக விட்டுவிடும். கொடி படர்ந்த பந்தலும் அப்படியே. ஆக, ‘தோட்டத்தில் பந்தல் இருக்கிறது, மழைநீர் பிடிக்கலாம்’ என்று நினைப்பவர் முதலில் தலையை நிமிர்த்தி, மேலே இருப்பது கூரையா வலையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வலைப் பந்தலின் ஓர் ஓரத்தில் சாய்வாக இரண்டு பாலிகார்பனேட் ஷீட்டுகளைப் பொருத்துவது ஒரு நடுவழி. பம்புசெட்டுக்காக வயலில் நிறுத்தப்படும் சூரிய மின்தகடுகளின் கீழ்விளிம்பில் ஒரு நீர்வாய்க்கால் மாட்டுவது இன்னொரு வழி. தகடு ஏற்கெனவே சாய்ந்துதான் நிற்கிறது.

வாய்க்காலுக்கு 110 மி.மீ. பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டினால் போதும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு கொடுக்க வேண்டும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை காக்கை எச்சத்தையும் தூசியையும் சருகையும் அடித்துக்கொண்டு வரும். கூரைப் பரப்பில் முதல் ஒரு மில்லிமீட்டரை ஒதுக்கிவிடுவது நல்லது. 6 சதுர மீட்டர்க் கூரைக்கு அது 6 லிட்டர். பீப்பாய்க்கு முன்னால் அதே 110 மி.மீ. குழாயில் முக்கால் மீட்டர்த் துண்டைச் செங்குத்தாக, அடிமூடியோடு இணைத்தால் அழுக்கு நீர் அதில் நிரம்பி நிற்கும்; அது நிரம்பிய பிறகு வருவது பீப்பாய்க்குப் போகும். மூடியில் ஊசித்துளை ஒன்று இருந்தால் அடுத்த மழைக்குள் தானே வடிந்துவிடும்.

லண்டன் கணக்கும் சென்னைக் கணக்கும்

இனி 3 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் ஒரு தகரக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 6 சதுர மீட்டர். பத்தில் எட்டுப் பங்கு கைக்கு வருவதாக வைத்தால், 10 மி.மீ. மழைக்கு 48 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப 42 மி.மீ. மழை வேண்டும்.

லண்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழை. சென்னையில் ஏறத்தாழ 1,400. நம் கொட்டகையை லண்டனில் வைத்தால் ஆண்டுக்கு 2,900 லிட்டர். சென்னையில் வைத்தால் 6,700 லிட்டர். இத்தோடு நிறுத்தினால் சென்னைத் தோட்டக்காரர்தான் செல்வந்தர். ஆனால் லண்டன் மழை மாதச் சம்பளம். சென்னை மழை தீபாவளி போனஸ். லண்டனில் மாதத்துக்குச் சுமார் 50 மி.மீ. என்று ஆண்டு முழுதும் பரவலாகப் பெய்கிறது. கொட்டகை மாதந்தோறும் 240 லிட்டர் தருகிறது. 200 லிட்டர் பீப்பாய் அந்த மழைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. பிரிட்டனின் தோட்டக் கடைகளில் ஏறக்குறைய அந்த அளவுப் பீப்பாய்களே சாதாரணமாக விற்பனையாவதில் வியப்பில்லை.

சென்னையில் ஆண்டு மழையில் 800 மி.மீ.க்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. கார்த்திகையில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் கூரை 480 லிட்டரைத் தள்ளும். பீப்பாய் பாதி மழையிலேயே நிரம்பிவிடும், மிச்சம் வழிந்தோடும். அந்த நாளில் செடிக்கும் நீர் தேவையில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது இந்தச் சின்னக் கொட்டகையே 2,300 லிட்டருக்கு மேல் இறக்கியிருக்கும். மறுபுறம், ஜனவரியிலிருந்து மே வரை மழை அநேகமாக இல்லை. 15 தொட்டிச் செடிகளுக்கு நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் அந்த ஐந்து மாதத்துக்கு 2,250 லிட்டர் வேண்டும். கத்தரி வெயிலில் பெரிய பைகள் நாளுக்கு இரண்டு லிட்டரும் கேட்கும். வடகிழக்குப் பருவமழையில் 3,800 லிட்டருக்கு மேல் இந்தக் கூரையிலிருந்து இறங்கும் என்பதால் நீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் 2,250 லிட்டரைச் சேமித்துவைக்கப் பன்னிரண்டு பீப்பாய்கள் வேண்டும். பதினைந்து செடிக்குப் பன்னிரண்டு பீப்பாய் என்றால் தோட்டத்தில் செடி வைக்க இடம் எங்கே?

அப்படியானால் பீப்பாய் வீணா? இல்லை. அதற்கு உரிய பருவம் வேறு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சென்னையில் வெப்பச்சலனத்தால் மாலையிலும் இரவிலும் இடியோடு பெய்யும் மழையை நாம் பொருட்படுத்துவதில்லை. ஏரி நிரம்பாது, செய்தியிலும் பெரிதாக வராது. ஆனால் இந்த நான்கு மாதத்தில் மட்டும் 450 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது. அதுவும் இருபது முப்பது நாள்களில் விட்டுவிட்டு. இடையிலுள்ள நாள்களில் வெயில் சுட்டெரிப்பதால் செடி நீர் கேட்கும். ஒரு மழைக்கு எண்பது லிட்டர் கிடைத்து, ஐந்தாறு நாளில் அதை ஊற்றித் தீர்த்ததும் அடுத்த மழை வருகிறது. இப்படி நிரம்பியும் தீர்ந்தும் ஒரே பீப்பாய் இந்தப் பருவத்தில் செடிகளின் தேவையில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். ஐப்பசியில் ஒரே தடவை நிரம்பி அப்படியே நிற்கும் பெரிய தொட்டியைவிட, ஆடியிலும் ஆவணியிலும் பலமுறை நிரம்பி ஒழியும் சின்னப் பீப்பாய் அதிக நீரைச் செடிக்குச் சேர்க்கிறது. தொட்டியின் மதிப்பு அதன் கொள்ளளவில் மட்டும் இல்லை. ஓர் ஆண்டில் அது எத்தனை முறை காலியாகிறது என்பதில் இருக்கிறது.

ஊருக்கு ஊர்

இந்த விதியை எல்லா ஊருக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கின்றன, கோடைமழையும் உண்டு. அங்கே பீப்பாய் ஆண்டில் பல மாதம் வேலை செய்யும். மழைமறைவில் இருக்கும் கோவையில் ஆண்டு மழையே சென்னையில் பாதிதான். ஆடி மாதம் காற்றும் தூறலுமாகப் போய்விடும். அங்கே கூரைப் பரப்பு பெரிதாக வேண்டும். யாழ்ப்பாணம் சென்னையைப்போல ஆண்டின் கடைசி மாதங்களை நம்பியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் கிணறுகளின் கடின நீர் வேறு. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஆண்டு முழுதும் மழை என்பதால் மிகச் சின்னத் தொட்டியே போதும். எந்த ஊரானாலும் பீப்பாய் வாங்குமுன் பார்க்க வேண்டியது அவ்வூரின் ஆண்டு மழையளவை அல்ல. இரண்டு மழைக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி என்பதை.

உப்பின் கணக்கு

நீர் குறைவாகவே கிடைத்தாலும் மழைநீரைப் பிடிப்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு: அதன் தூய்மை. காற்றிலுள்ள கரியமிலவாயு கரைவதால் மழைநீர் இலேசான அமிலத்தன்மை கொண்டது. கார அமில அளவு 5.6 அளவில் இருக்கும். கரைந்த உப்பு மிகக் குறைவு. சென்னையின் கடற்கரையோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் உப்புகள் இருப்பது சாதாரணம். அந்த நீரை ஒரு பைக்கு நாளுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் ஆண்டில் 365 கிராம் உப்பு அந்தப் பைக்குள் இறங்குகிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூப்பதும் இலை நுனி கருகுவதும் இதன் அடையாளங்கள். பீன்ஸ் போன்ற செடிகள் உப்பைக் கொஞ்சமும் தாங்கா. கிணற்று நீரின் காரத்தன்மையால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாமல் போகும். இட்லிப்பூச் செடியின் இளந்தளிர் மஞ்சளாக வெளிறுவதன் முக்கியக் காரணம் இதுதான்.

ஆகவே பீப்பாயில் இருக்கும் கொஞ்ச நீரை எல்லாச் செடிக்கும் பங்கிட்டுத் தீர்ப்பதைவிட, நாற்றுக்கும் ஆர்க்கிட், ஆந்தூரியம், பெரணி போன்றவற்றுக்கும் இட்லிப்பூவுக்கும் ஒதுக்குவது அறிவு. மற்றச் செடிகளுக்கு ஐப்பசி மழையே மருந்து. அடைமழைக் காலத்தில் பைகளைக் கூரைக்குள் இழுத்து வைக்காமல், அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டு நனைய விட்டால், ஓராண்டு சேர்ந்த உப்பைப் பெருமழை கழுவிக்கொண்டு போகும். பீப்பாயில் பிடிக்க முடியாமல் வழிந்ததாக நாம் வருந்தும் மழை இந்த வேலையைச் செய்கிறது.

பசுமைக்குடில் பட்ட கடன்

கொட்டகைக்குச் சொன்னது பசுமைக்குடிலுக்கு அப்படியே பொருந்தாது. ஓசூர்ப் பகுதியின் ரோஜாக் குடில்களிலும் நீலகிரியின் கார்னேஷன் குடில்களிலும் பாலித்தீன் கூரை மழையை மண்ணில் விழவிடாமல் தடுத்துவிடுகிறது. வெளியே அடைமழை பெய்தாலும் உள்ளே சொட்டுநீர் ஓடியே ஆக வேண்டும். நிலத்துக்குப் போகவேண்டிய மழையைக் கூரை மறித்துவிட்டதால், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் குடிலுக்கு இருக்கிறது. 1,000 சதுர மீட்டர்க் குடிலில் ஆண்டுக்கு 800 மி.மீ. மழை விழுந்து பத்தில் ஒன்பது பங்கு கிடைத்தால் 7.2 லட்சம் லிட்டர். பயிருக்குச் சதுர மீட்டருக்கு நாளுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் ஆண்டுத் தேவை 14.6 லட்சம். சரிபாதி கூரையிலிருந்தே வந்துவிடுகிறது. உள்ளே பயிர் ஆண்டு முழுதும் நீர் கேட்பதால் இங்கே தொட்டி அடிக்கடி காலியாகும். ஆகவே பெரிய தொட்டிக்கும் பொருள் உண்டு. பாலித்தீன் விரித்த பண்ணைக்குட்டை அதற்கு ஏற்றது. இரண்டு வளைவுகளுக்கு நடுவே வாய்க்கால் ஏற்கெனவே இருப்பதால், அதன் முனையிலிருந்து குட்டைவரை குழாய் போடுவதுதான் மிச்ச வேலை.

நெதர்லாந்தில் கண்ணாடிக் குடில் வைத்திருப்போர் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். மண்ணில்லாச் சாகுபடியில் நீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றுவதால், நீரில் சோடியம் சேர்ந்தால் பயிர் தாங்காது. மழைநீரில் சோடியம் மிகக் குறைவு. ஹெக்டேருக்கு 500 கன மீட்டர் மழைநீர்த் தேக்கம் அங்கே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட குறைந்தபட்ச அளவு. அதாவது ஒரு சதுர மீட்டர்க் கூரைக்கு 50 லிட்டர். நம் 6 சதுர மீட்டர்க் கொட்டகைக்கு அதே வீதத்தில் 300 லிட்டர், ஒன்றரைப் பீப்பாய். சீரான மழை பெய்யும் நாட்டின் அளவு அது என்பதை மறக்காமல் இருந்தால், நமக்கும் அது நல்ல உரைகல்.

கொசு, துத்தநாகம், கனம்

பீப்பாய் வைப்பவர் முதலில் அஞ்ச வேண்டியது ஏடிஸ் கொசுவுக்கு. டெங்குவைப் பரப்பும் இக்கொசு சாக்கடையைவிடத் தெளிந்த நீரையே விரும்பும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பீப்பாயின் உட்சுவரில் முட்டையிடும். காய்ந்தாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். முட்டை கொசுவாகப் பறக்கப் பத்து நாள்கூட ஆகாது. அதனால் காலியான பீப்பாயைக் கழுவாமல் விடுவதும் ஆபத்தே. நீர் நுழையும் வாயிலும் வழிந்தோடும் வாயிலும் கொசுவலையை இறுகக் கட்டி, பருவத்துக்கு ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சிங்கப்பூரில் வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம். வாரத்துக்கு ஒருமுறை ஊற்றித் தீரும் பீப்பாயில் கொசு வளர நேரமில்லை. இங்கும் அடிக்கடி காலியாவதே நன்மை.

புதிய துத்தநாகப் பூச்சுத் தகரத்திலிருந்து அமில மழை கொஞ்சம் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு வரும். பூச்செடிக்குப் பெரிய கேடில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே தொட்டி மண்ணில் சேர விடாமல் மண்ணை மாற்றினால் போதும். உதிரத் தொடங்கிய பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் நீரைக் கீரைப் பாத்திக்குத் தவிர்ப்பது நல்லது. வெயிலில் நாள்பட நின்ற நீரில் நாற்றழுகல் நோயைத் தரும் பூசணங்கள் இருக்கலாம் என்பதால், முளைவிட்ட விதைத்தட்டுக்குப் புதிதாகப் பிடித்த நீரே ஏற்றது. பழைய பீப்பாய் வாங்குவோர் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, உணவுப்பொருள் இருந்ததை மட்டும் வாங்க வேண்டும். அடர்நிறமாக இருந்தால் பாசி பிடிக்காது. நிரம்பிய 200 லிட்டர் பீப்பாய் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடியில் சுவருக்கோ உத்திரத்துக்கோ மேலே மட்டும் வைக்க வேண்டும். பூவாளி அடியில் நுழையும் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி நிறுத்தினால் மோட்டார் தேவைப்படாது.

சட்டம் பார்க்காத கூரை

2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட அந்த நடவடிக்கையின் அழுத்தம் மொட்டைமாடி நீரை உறைகிணறு வழியாக நிலத்துக்குள் இறக்குவதில் இருந்தது. நிலத்தடி நீருக்கு அதுவே சரியான வழி. ஆனால் தோட்டத்துக் கொட்டகையும் கார் நிறுத்தும் கூரையும் அந்தக் கண்ணில் படவில்லை. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்ற நாள்களில், செடிக்கு ஊற்றும் ஒவ்வொரு வாளியும் குற்ற உணர்வைத் தந்தது. அந்த நேரத்தில் கொட்டகைப் பீப்பாய் கோடைக்குக் கைகொடுத்திருக்காது என்பது மேலே பார்த்த கணக்கிலேயே தெரியும். ஆனால் அடுத்து வந்த ஆடி, ஆவணி மழையைப் பிடித்திருந்தால், செடிக்கென்று குழாய் நீரில் கைவைக்க வேண்டிய நாள்கள் குறைந்திருக்கும்.

மழைநீரைப் பிடிப்பதே குற்றமாக இருந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆற்று நீரில் முன்னுரிமை பெற்றோரின் உரிமையைப் பாதிக்கும் என்ற காரணத்தால் வீட்டுக் கூரை நீரைப் பீப்பாயில் சேர்ப்பது நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. 2016இல்தான் ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய்கள், மொத்தம் சுமார் 416 லிட்டர் வரை என்று அனுமதித்தார்கள். நமக்கு அத்தகைய தடை ஏதும் இல்லை. இல்லாதது ஊருக்கேற்ற வழிகாட்டல். மாடித் தோட்டத்துக்கு மானிய விலையில் பைகளும் விதைகளும் தரும் தோட்டக்கலைத் துறை, அவற்றோடு ஒரு தாளையும் சேர்க்கலாம்: அந்த மாவட்டத்தில் மாதந்தோறும் எத்தனை நாள் மழை, எத்தனை சதுர மீட்டர்க் கூரைக்கு எத்தனை லிட்டர்த் தொட்டி, எப்போது பீப்பாயைக் கழுவ வேண்டும் என்று.

முடிவாக

சென்னை போன்ற ஊரில் 6 சதுர மீட்டர்க் கொட்டகைக்கு ஒரு பீப்பாய் போதும்; இரண்டு இருந்தால் வசதி; மூன்றாவதற்குச் செலவழிக்கும் பணத்தை வழிந்தோடும் குழாய்க்குச் செலவழிப்பது மேல். பீப்பாய் நிரம்பியபின் வரும் ஐப்பசி நீரை மாமரத்தடிப் பாத்திக்கோ உறைகிணற்றுக்கோ திருப்பிவிட்டால், அதற்கு மேல் பெரிய தொட்டி நமக்கு வேண்டியதில்லை. மூடாக்குப் போட்ட மண் அந்த ஈரத்தைத் தை மாதம் வரை வைத்திருக்கும். கோடைக்குப் பாத்திரம் கழுவிய நீரும் அரிசி களைந்த நீரும்தான் துணை. கூரையை நம்பிக் கோடையைக் கடக்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பங்குனியில் ஏமாற்றம் இராது. ஆனி பிறக்குமுன் வாய்க்காலைச் சுத்தம் செய்து பீப்பாயைக் கழுவி நிறுத்துகிறவருக்கு, மற்றவர்கள் பொருட்படுத்தாத மாலை மழைகள் ஒவ்வொன்றும் கணக்கில் வந்து சேரும்.